குருதிமேற் சுமத்தப்படும் பழி: ஓமோன் வாங்கிகளும் மலையக உடலும்

உழைக்கும் மக்களின் உடலுக்கு விளக்கம் கூறும் உரிமையை, அவ்வுழைப்பினாற் பயன்பெறுவோரே நெடுங்காலம் தம் கையில் வைத்திருந்துள்ளனர். கோப்பிக் காலத்திலே கண்டிச் சீமைக்கு நடந்து வந்து, வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையாகி வழியில் வீழ்ந்த தமிழக உழவனின் சாவுக்கு அவனது நலிந்த உடம்பே காரணமாகக் காட்டப்பட்டது. லயத்திற் பிறந்த குழந்தை குறுகி வளர்ந்தபோது அஃது இனத்தின் இயல்பு எனப்பட்டது. கொழுந்து குறைந்தபோது சோம்பல் அவ்வினத்தின் குணம் எனப்பட்டது. காரணம் எப்போதும் தொழிலாளியின் உள்ளேயே தேடப்பட்டது. லயத்தின் கூரையிலோ, செக்ரோலிலோ, அரிசிக் கணக்கிலோ தேடப்படவில்லை.

இன்று அதே பழக்கம் விஞ்ஞானத்தின் வேடம் புனைந்து வருகின்றது. இலங்கையில் உடற்பருமனும் நீரிழிவும் பெருகியுள்ளன. 2008இல் வெளியான நாடளாவிய ஆய்வு, வளர்ந்தோருட் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டெனக் காட்டியது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் மிகையெடையோ பருமனோ உடையவர். இந்நோய்கள் ஏன் பெருகின என்ற வினா எழுந்தவுடன், "அது பரம்பரையலகில் உள்ளது, தெற்காசியரின் குருதியே அத்தகையது" என்ற விடை ஆயத்தமாக வந்து நிற்கின்றது. படித்தவர் தலையசைக்கின்றனர். நோயாளியோ தலைவிதி என்று முன்னர் கூறியதையே இப்போது பரம்பரையலகு என்று கூறி வீடு திரும்புகின்றார்.

இவ்விடையை மறுத்தல் அவசியமாகின்றது. ஆனால் அதனை மறுக்கப் புகுவோருட் சிலர், பரம்பரையலகு என்பதே முதலாளித்துவக் கட்டுக்கதை என ஒரே வீச்சில் தள்ளிவிடுகின்றனர். அதுவும் பிழையே. உடற்பருமனிற் பரம்பரையலகுகளுக்குப் பங்குண்டு என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை. அவ்வுண்மை எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறவில்லை என்பதைப் பிரித்தறிதலே வேண்டற்பாலது.

வாங்கி என்பது யாது?

ஓமோன் என்பது உடலின் ஓரிடத்திற் சுரந்து, குருதிவழி மற்றோரிடம் சென்று செய்தி சொல்லும் பொருள். அச்செய்தியைக் கேட்கும் செவி போன்றது கலத்தின் மேலுள்ள வாங்கி. பெரட்டுக்களத்திலே தப்பு முழங்கினாலும் செவிப்புலன் இழந்தவன் எழுந்து வரமாட்டான் அல்லவா? அதுபோல ஓமோன் எவ்வளவு சுரந்தாலும் வாங்கி பழுதுற்றிருப்பின் செய்தி சென்று சேராது.

இதனை ஐக்கிய அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் கோல்மன் 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் எலிகளைக் கொண்டு எடுத்துக்காட்டினார். ஓயாது உண்டு பருத்த இருவகை எலிகள் அங்கே இருந்தன. அவர் ஒரு பருத்த எலியின் குருதியோட்டத்தைச் சாதாரண எலியொன்றின் குருதியோட்டத்துடன் இணைத்தார். முதல்வகைப் பருத்த எலி இணைக்கப்பட்டபோது அஃது உண்பதைக் குறைத்தது. இரண்டாம்வகை எலி இணைக்கப்பட்டபோது, அதற்கு மாற்றம் எதுவுமில்லை. மாறாக, அதனுடன் பிணைக்கப்பட்ட சாதாரண எலி உணவை வெறுத்துப் பட்டினியால் மாண்டது. முதல்வகை எலியிடம் "போதும்" எனச் சொல்லும் பொருள் இல்லை. இரண்டாம்வகை எலியிடம் அப்பொருள் மிகுந்திருந்தும் அதனைக் கேட்கும் வாங்கி இல்லை. இதுவே கோல்மன் கண்ட முடிவு.

1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் அப்பொருளைக் கண்டறிந்து, பின்னர் அதற்கு லெப்டின் எனப் பெயரிட்டனர். கொழுப்புக் கலங்களே அதனைச் சுரக்கின்றன. மறு ஆண்டில் அதன் வாங்கியும் அறியப்பட்டது. லெப்டினின் செய்தி மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதியை அடைந்து, அங்கு வேறு சில பொருள்களின் வழியாக மெலனோக்கோட்டின் நாலாம் வாங்கியைத் தூண்டும்போது பசி அடங்குகின்றது. இத்தொடரின் எக்கண்ணி அறுந்தாலும் உண்டவனுக்கு உண்டது போதாது. வயிறு நிறைந்தும் மூளை பட்டினி கிடக்கும்.

உண்மையும் அதன் எல்லையும்

மனிதரிடத்தும் இத்தகைய பழுதுகள் உண்டு. 1997இல் பிரித்தானியாவில் வாழ்ந்த பாகிஸ்தானிய வழிக் குடும்பமொன்றின் இரு குழந்தைகளிடம் லெப்டின் இன்மை கண்டறியப்பட்டது. எட்டு வயதுச் சிறுமி 86 கிலோகிராம், இரண்டு வயதுச் சிறுவன் 29 கிலோகிராம் எடை கொண்டிருந்தனர். லெப்டின் ஊசி வழங்கப்பட்டபின் அச்சிறுமி ஓராண்டில் 16 கிலோகிராமுக்கு மேல் எடை குறைந்தாள். 1998இல் லெப்டின் வாங்கியிற் பழுதுடைய மூன்று சகோதரியர் பற்றிய செய்தி வெளிவந்தது. அதே ஆண்டிலே பிரித்தானிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் மெலனோக்கோட்டின் நாலாம் வாங்கியின் விகாரங்களைத் தனித்தனியே அறிவித்தனர். கடும் பருமனுள்ள 500 பேரைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்வில், அவர்களுள் 5.8 விழுக்காட்டினரிடம் இவ்விகாரம் காணப்பட்டது.

இவ்வறிவு முதலில் ஒரு பெரிய பொய்யைத் தகர்க்கின்றது. பருத்தவன் பேராசைக்காரன், உண்டி சுருக்கத் தெரியாத ஒழுக்கக் கேடன் என்ற சமூகத்தின் ஏளனத்துக்கு இனி இடமில்லை. பசி என்பது ஓமோனும் வாங்கியும் நடத்தும் உரையாடல். அஃது எல்லோரிடத்தும் ஒரே உரப்பில் நிகழ்வதில்லை. கனடாவைச் சேர்ந்த குளோட் புஷாட் குழுவினர் 12 சோடி ஒத்த இரட்டையர்க்கு 84 நாள்கள் மிகையுணவு அளித்தனர். 1990இல் வெளியான அதன் முடிவுகளின்படி ஒருவர் 4.3 கிலோகிராம் மட்டும் பருத்தார், மற்றொருவர் 13.3 கிலோகிராம் பருத்தார். ஒரே சோடியைச் சேர்ந்தவர்களோ பெரிதும் ஒத்த அளவிலே பருத்தனர். ஒரே உணவு எல்லா உடலிலும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தமிழர் ஊன்றி நோக்க வேண்டிய செய்தியொன்றும் ஈண்டு உண்டு. லெப்டின், லெப்டின் வாங்கி ஆகியவற்றின் பழுது, தாய்வழியும் தந்தைவழியும் இரு பிரதிகளாக வந்து சேரும்போதே நோயாக வெளிப்படுகின்றது. நெருங்கிய உறவில் மணம் புரியும் குடும்பங்களில் இவ்வாய்ப்பு கூடும். அத்தகைய மணங்கள் மிகுந்த பாகிஸ்தானிய மக்களிடையே கடும் பருமனுள்ள சிறுவரை ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அவர்களுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரின் நோய்க்கு லெப்டின், அதன் வாங்கி, மெலனோக்கோட்டின் நாலாம் வாங்கி ஆகிய மூன்றின் விகாரங்களே காரணம் எனக் கண்டது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் தமிழரிடையே, மலையகம் உட்பட, நெடுங்காலம் நிலவியது. ஆதலின் பிறந்த சில மாதங்களிலேயே அடங்காப் பசியும் கடும் பருமனும் கொண்ட குழந்தையைத் திட்டுவதும் பட்டினி போடுவதும் கொடுமை. அக்குழந்தைக்கு வேண்டியது மருத்துவப் பரிசோதனை. பரம்பரையலகு என்ற சொல் முழு உரிமையுடன் வழங்கத்தக்க இடம் இதுவே.

ஆனால் இவை அரிய நோய்கள். நூற்றுக்கு நாற்பத்தைந்து பெண்களின் எடைக்கு இவ்வரிய விகாரங்கள் காரணமாக முடியாது. எனவே வாதிடுவோர் பொதுவாகக் காணப்படும் சிறு வேறுபாடுகளை நாடுகின்றனர். 2008இல் இலண்டனிலுள்ள ஆய்வாளர்கள் இந்திய வழியினர் 2,684 பேரின் பரம்பரையலகுகளைத் துருவி ஆராய்ந்து, பின்னர் மேலும் பதினோராயிரத்துக்கு மேற்பட்டோரிடம் அதனைச் சரிபார்த்தனர். மெலனோக்கோட்டின் நாலாம் வாங்கியின் பரம்பரையலகுக்கு அண்மையில் உள்ள ஒரு வேறுபாடு இடுப்புச் சுற்றளவுடன் தொடர்புடையது என்பதே அவர்கள் கண்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அவ்வேறுபாட்டைப் பெற்றவரின் இடுப்புச் சுற்றளவு எவ்வளவு மிகுந்திருந்தது? ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர்!

தெற்காசியரின் குருதியிலேயே பருமன் உள்ளது என முழங்குவோர் இந்த இரண்டு சென்ரிமீற்றரை மனங்கொள்ள வேண்டும். அவ்வாய்வு நேர்மையானது, அதன் ஆசிரியர்கள் கூறியதும் அளவோடு கூறப்பட்டதே. அளவின்றிப் பேசுவோர் அதனை எடுத்தாள்வோரே. மேலும், அதே வாங்கியின் வேறு சில வேறுபாடுகள் அதன் தொழிலைக் கூட்டி, மனிதரைப் பருமனினின்று காக்கின்றன என்பதனைப் பிரித்தானியாவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரிடம் நிகழ்த்திய ஆய்வு 2019இல் காட்டியது. ஆகவே வாங்கி ஒருவழிச் சாபமுமன்று.

தேயிலை மலை கற்பிக்கும் பாடம்

"உடற்பருமன் நூற்றுக்கு எழுபது பங்கு பரம்பரையானது என்று இரட்டையர் ஆய்வுகள் கூறுகின்றனவே, எஞ்சிய முப்பதுதானே சூழல்?" என்பர் சிலர். இக்கேள்வியிலுள்ள மயக்கத்தைத் தீர்க்க ஆய்வுகூடம் செல்ல வேண்டுவதில்லை. ஊவாவின் எந்தத் தேயிலை மலையும் போதும்.

பழைய விதைத் தேயிலை மலையில் ஒவ்வொரு செடியும் தனித்தனி வித்திலிருந்து முளைத்தது. ஆதலாற் பரம்பரையில் ஒன்றையொன்று ஒவ்வாதது. வீ.பி. தேயிலை எனப்படும் மலையிலோ எல்லாச் செடிகளும் ஒரு தாய்ச்செடியின் துண்டுகள், பரம்பரையில் ஒன்றேயானவை. இப்போது ஒரு விதைத் தேயிலை மலை முழுவதற்கும் ஒரே அளவில் உரமிட்டு, ஒரே அளவில் நிழல் தந்து, ஒரே நாளிற் கவ்வாத்து வெட்டுவோம். அங்குச் செடிக்குச் செடி தோன்றும் வேறுபாடு ஏறத்தாழ முழுவதும் பரம்பரையாலானது. வீ.பி. மலையில் ஒருபுறம் உரமிட்டு மறுபுறம் இடாது விடுவோம். அங்குத் தோன்றும் வேறுபாடு முழுவதும் உரத்தாலானது. தேயிலை ஒன்றே, ஆயினும் "பரம்பரையின் பங்கு" ஒரு மலையில் நூறாகவும் மற்றொரு மலையிற் பூச்சியமாகவும் அமைகின்றது. எனவே அப்பங்கு செடிக்குள் உறையும் நிலையான குணமன்று. குறித்த ஒரு மலையில், குறித்த ஒரு காலத்தில், வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைக் கூறும் கணக்கு மட்டுமே.

இன்னும் ஒன்றுண்டு. நன்கு உரமிட்ட விதைத் தேயிலை மலையொன்றும், உரமே காணாத விதைத் தேயிலை மலையொன்றும் அருகருகே இருப்பின், ஒவ்வொரு மலைக்குள்ளும் காணும் வேறுபாடு பரம்பரையாலானதாக இருக்கலாம். எனினும் இரு மலைகளுக்கும் இடையிலான வேறுபாடு உரத்தாலானதே. காய்ந்த மலையைக் காட்டி, "இதன் வித்துத் தரக்குறைவானது" என்று கூறும் கண்டக்டரை எந்தத் துரையும் நம்பமாட்டார். தேயிலைச் செடிக்கு மறுக்கப்படாத இந்த நியாயம் தேயிலை பறிக்கும் மனிதருக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகின்றது?

ஒரே குருதி, இரு விதிகள்

இந்நியாயத்தை மனிதரிடத்தே காட்டும் சான்றும் உலகில் உண்டு. வட அமெரிக்காவின் பழங்குடியினரான பீமா மக்களில் ஒரு பகுதியினர் அரிசோனாவிலும் மற்றொரு பகுதியினர் மெக்சிக்கோவின் மலைகளிலும் வாழ்கின்றனர். அரிசோனாப் பீமா மக்கள் கீலா ஆற்று நீரைக் கொண்டு வேளாண்மை செய்து வாழ்ந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக் குடியேறிகள் ஆற்று நீரை மேற்புறத்திலேயே திருப்பிக்கொண்டனர். வயல் காய்ந்தது. பின்னர் அரசாங்கம் பங்கிட்ட கோதுமை மாவும் கொழுப்பும் சீனியும் அவர்களது உணவாயின. உலகிலேயே நீரிழிவு மிக அதிகமாகக் காணப்படும் மக்கட் கூட்டத்தினருள் அவர்களும் சேர்ந்தனர்.

1995இல் அவர்களிடையே பீற்றா-3 எனப்படும் அட்ரினலின் வாங்கியின் வேறுபாடொன்று அறிவிக்கப்பட்டபோது, புதிர் விடுபட்டது எனப் பலர் எண்ணினர். ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே மெக்சிக்கோப் பீமா மக்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்திருந்தது. உழுதும் நடந்தும் சோளமும் அவரையும் உண்டும் வாழ்ந்த அவர்கள், தம் அரிசோனா உறவினரினும் சராசரி 26 கிலோகிராம் எடை குறைந்திருந்தனர். குருதி ஒன்றே. ஆற்று நீர் இருந்த இடத்தில் ஓர் உடல். ஆற்று நீர் பறிக்கப்பட்ட இடத்தில் வேறோர் உடல். இங்கே வாங்கியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் நீரைத் திருப்பியவனைத் தப்பவிடுகின்றனர்.

மலையகத் தமிழர்க்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், தஞ்சாவூர்ச் சீமைகளிலிருந்து வந்தவர்களே ஊவாவின் தோட்டங்களை நிரப்பினர். கம்பும் கேழ்வரகும் உண்டு பழகிய அவர்களது உணவு தோட்டத்து அரிசிக் கணக்காகவும், பின்னர் கோதுமை மா ரொட்டியாகவும் மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவு நெருக்கடியில் மாப் பங்கீடு குறைந்தபோது தோட்டப்புற மரண வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைவிடக் கூர்மையாக உயர்ந்தது. பட்டினி எவரின் பரம்பரையலகிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அவர்தம் உறவினர் தங்கிய தமிழ்நாட்டில் இன்று நிகழ்வது யாது? இந்தியாவின் தேசியக் குடும்பநல அளவீட்டின்படி, 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களுள் 30.9 விழுக்காட்டினர் மிகையெடை உடையவர். 2019-21இல் அத்தொகை 40.4 விழுக்காடு. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஒரு மக்களின் பரம்பரையலகுகள் மாறிவிட்டனவா? ஒரு தலைமுறைகூடக் கழியவில்லை! மாறியவை தட்டும் தொழிலும் தெருவும். இந்த ஓர் இலக்கமே பரம்பரைவாதத்தின் கூரையைப் பிரித்தெறியப் போதுமானது.

பஞ்சமும் கருப்பையும்

இதற்கும் ஒரு விடை வைத்திருப்பர். 1962இல் ஜேம்ஸ் நீல் என்பார் சிக்கனப் பரம்பரையலகு என்ற கருதுகோளை முன்வைத்தார். பஞ்சத்தைத் தாங்கிப் பிழைத்தோர் கொழுப்பைச் சேமிக்கும் பரம்பரையலகுகளை உடையவர். உணவு பெருகியபோது அச்சிக்கனமே நோயாயிற்று என்பது அதன் சாரம். 1876-78ஆம் ஆண்டுகளின் சென்னை மாகாணப் பெரும் பஞ்சத்தைக் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் என்பதால் மலையகத்தவர்க்கு இது பொருந்தும் என்று கூறுதல் எளிது. ஆனால் நாலைந்து தலைமுறை ஒரு மக்களின் பரம்பரையை உருமாற்றப் போதாது. மேலும், இக்கருதுகோளையே ஜோன் ஸ்பீக்மன் முதலிய உயிரியலாளர் வன்மையாகக் கண்டித்துள்ளனர். பஞ்சத்தில் மாள்வோர் மெலிந்தோரினும் பெரும்பாலும் குழந்தைகளும் முதியோரும் என்பது அவர்தம் வாதங்களுள் ஒன்று.

பஞ்சம் உடலில் எழுதுவது உண்மை. ஆனால் அது பெரிதும் எழுதுமிடம் கருப்பை. 1992இல் ஹேல்ஸ், பார்க்கர் ஆகிய இருவரும் கருவிற் குன்றிய குழந்தையே பிற்காலத்தில் நீரிழிவுக்கு எளிதில் ஆளாகின்றது என எடுத்துரைத்தனர். புனே நகரின் மருத்துவர் யாஜ்னிக் அப்பகுதிக் கிராமக் குழந்தைகளைப் பிரித்தானியக் குழந்தைகளுடன் ஒப்பிட்டு 2003இல் முடிவுகளை வெளியிட்டார். பிரித்தானியக் குழந்தையின் சராசரிப் பிறப்பெடை 3.5 கிலோகிராம், புனேக் குழந்தையினது 2.7 கிலோகிராம். தசையும் உள்ளுறுப்புகளும் குன்றியிருந்தும் அக்குழந்தை தோலடிக் கொழுப்பை ஓரளவு காத்துக்கொண்டிருந்தது. மெலிந்த தோற்றத்துக்குள்ளே கொழுப்பு! வளர்ந்த பின்னும் இது தொடர்கின்றது. 2004இல் யாஜ்னிக்கும் பிரித்தானிய மருத்துவர் யட்கினும் தம் உடல்களையே அளந்து காட்டினர். இருவரது உடற்றிணிவுச் சுட்டியும் 22.3. ஆனால் யட்கினின் உடலிற் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கினது 21.2 விழுக்காடு. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்கட்கு 25 என்ற அளவுக்கு முன்பே, 23இலேயே கவனம் தொடங்கவேண்டும் என்றது.

இப்போது ஊவாவின் லயத்தை நோக்குக. 2016ஆம் ஆண்டின் அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவருள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் இலங்கை முழுவதிலும் 17 விழுக்காட்டினர். பெருந்தோட்டத்துறையில் 32 விழுக்காட்டினர். வயிற்றில் ஒரு சுமையும் முதுகில் ஒரு சுமையுமாக மலையேறிய தாயின் உடலிலிருந்து அக்குழந்தை பெற்றது பரம்பரையலகு மட்டுமன்று. அவள் உண்ணாத உணவையும் அவள் பெறாத ஓய்வையும் அது பெற்றுள்ளது. அக்குழந்தை பின்னாளிற் கொழும்பு நகரின் கடையொன்றிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ இருந்தவிடத்தில் உழைத்து, மலிவான மாவும் சீனியும் உண்டு, முப்பத்தைந்து வயதில் நீரிழிவுக்கு ஆளாகும்போது "உங்கள் இனத்தின் பரம்பரை" என்று கூறுதல் எவ்வளவு பெரிய அநீதி! தோட்டத்துப் பட்டினிக்கும் நகரத்துப் பருமனுக்கும் கணக்கு ஒன்றே. ஒரே கடனின் முதலும் வட்டியும் அவை.

இவ்வாதத்தால் இலாபம் எவருக்கு?

எல்ல நகரை எடுத்துக்கொள்வோம். 1921இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். விடுதிகளும் உணவகங்களும் மலைச்சரிவெங்கும் எழுந்துள்ளன. அவற்றைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் வாழ்வோர்க்கு அதே வீதியில் வாங்க இயன்றவை எவை? பாணும் மாவும் பிஸ்கற்றும் சீனி கரைத்த பானமும். முட்டையும் மீனும் பருப்பும் கீரையும் பழமும் விலையில் எட்டாதவை. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின்பின் 2021இலேதான் வர்த்தமானியில் ஏறியது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டபோது, 2022இன் பொருளாதார நெருக்கடி அதன் பெறுமதியை ஏற்கெனவே விழுங்கியிருந்தது. இச்சம்பளத்திற் குடும்பம் நடத்தும் பெண்ணிடம் சமச்சீருணவு பற்றிய துண்டுப்பிரசுரத்தை நீட்டுவது கேலிக்கூத்து. அவளது வாங்கியைக் குறை கூறுவது அதனினும் கேடானது.

காரணம் குருதியில் இருப்பின் கம்பனி பொறுப்பன்று, அரசு பொறுப்பன்று, சம்பள நிர்ணய சபையும் பொறுப்பன்று. காரணம் ஒழுக்கத்தில் இருப்பினும் அவ்வாறே. பரம்பரைவாதியும் ஒழுக்கவாதியும் ஒருவரையொருவர் மறுப்பவர் போலத் தோன்றினும், நோயை நோயாளியின் தோலுக்குள்ளே அடைத்துவைப்பதில் இருவரும் கூட்டாளிகள்.

விற்பனையும் இங்குண்டு. ஜி.எல்.பி.-1 என்னும் ஓமோனின் வாங்கியைத் தூண்டும் செமாக்ளுட்டைட் 2021இல் உடற்பருமனுக்கென ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது பயனுள்ள மருந்து. வாங்கி பற்றிய ஆய்வின் பெருவெற்றி. ஆனால் அறிமுகமானபோது அங்கு அதன் ஒரு மாத விலை ஆயிரம் டொலரைத் தாண்டியது. தேயிலை பறிப்பவரின் பல மாத உழைப்பு அது. நோயைச் சூழல் விளைக்க, மருந்தைச் சந்தை விற்க, பழியைக் குருதி சுமக்க வேண்டும் என்பது எந்த நீதி?

விஞ்ஞானத்தின் கணக்கேட்டிலும் இம்மக்களுக்கு இடமில்லை. 2016இல் வெளியான மதிப்பீட்டின்படி, முழுப் பரம்பரையலகு ஆய்வுகளிற் பங்குபற்றியோருள் 81 விழுக்காட்டினர் ஐரோப்பிய வழியினர். 2015இல் நிறைவெய்திய ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தில் இலங்கைத் தமிழர் 102 பேர் இடம்பெற்றனர். ஆனால் அவர்கள் ஐக்கிய இராச்சியத்திலே வாழ்ந்து, அங்கே குருதி வழங்கியவர்கள். பசறையின் லயத்திலோ நமுனுகுலையின் மலைச்சரிவிலோ எடுக்கப்படாத குருதியை வைத்து, அங்குள்ள உடலுக்குத் தீர்ப்பெழுதுவது விஞ்ஞானமாகாது.

செய்யற்பாலன

ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் ஒரே நூலில் வைத்த அவ்வறிவே இங்கு வேண்டப்படுவது. வாங்கியின் வேறுபாடு ஒருவரை மற்றவரினும் எளிதிற் பருமனுக்கு ஆளாக்கும். ஆயினும் ஒரு மக்கட் கூட்டம் முழுவதும் பட்டினி கிடப்பதையும் பருப்பதையும் தீர்மானிப்பது கூலியும் நிலமும் உணவின் விலையுமே. முன்னதை மாற்ற முடியாது. பின்னதை மாற்றலாம், மாற்ற மறுப்பது அரசியல்.

ஆகவே முதலில், கருவுற்ற தோட்டத் தாய்க்குச் சம்பளம் குறையாத ஓய்வும் புரதம் நிறைந்த உணவும் உறுதி செய்யப்பட வேண்டும். திரிபோஷாப் பொதி மட்டும் அதற்கு ஈடாகாது. சம்பளம் உணவுக்கூடையின் விலையோடு இணைக்கப்பட வேண்டும். லயத்தைச் சுற்றிக் காய்கறி பயிரிடவும் ஆடு மாடு வளர்க்கவும் போதிய நிலம் உரிமையாக வழங்கப்பட வேண்டும். தோட்ட வைத்தியத்தை அரசின் சுகாதார சேவை முழுமையாகப் பொறுப்பேற்று, நாற்பது வயதை எதிர்பாராது நீரிழிவுச் சோதனையைத் தொடங்க வேண்டும். பரம்பரையலகு ஆய்வும் நிகழட்டும். அது மலையகத்திலேயே, மலையக மக்களின் இசைவோடு, அவர்தம் பிள்ளைகள் ஆய்வாளராக அமர்ந்து நிகழ்த்தும் ஆய்வாக இருக்கட்டும். குழந்தைப் பருவத்திலேயே கடும் பருமனுறும் சிலருக்கு அவ்வாய்வு உயிர்காக்கும் மருந்தைத் தேடித் தரும்.

இவற்றுள் எதனையும் செய்யாது பரம்பரை பற்றிப் பேசுவோர், உரமிடாத மலையில் நின்றுகொண்டு வித்தைப் பழிப்போரே. இருநூறு ஆண்டுகளாக இம்மக்களின் வியர்வை கணக்கில் எடுக்கப்படவில்லை. இனி அவர்களது குருதியின்மீது பொய்க்கணக்கு எழுதப்படுவதைக் கற்றோர் கைகட்டிப் பார்த்திருத்தல் ஆகாது.